வில்சன் ஜெர்மனிக்குப் போகிறான்

காசல், ஜெர்மனி
18 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி ரிச்சர்டுக்கு,

பிரிஸ்கில்லா எழுதுவது. குளிர் ஒன்றைத் தவிர இங்கே எனக்கு வேறு குறையில்லை. நீயும் கிரேஸியும் சுகம்தானே? உன் மூக்கடைப்பு எப்படி இருக்கிறது? ஃபேக்டரியில் லெதர் தூசிக்கு மாஸ்க் போடு என்று எத்தனை முறை சொல்வது.

போன் இருக்க, காகிதம் எதற்கு என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் "வில்சா" என்று கூப்பிட்டதும் அவன் கேட்டுக்கு ஓடிப்போய் நின்றுகொண்டு, மறுநாள் சாயங்காலம் வரை சோற்றைத் தொடவில்லையாமே. கிரேஸி மெசேஜ் போட்டிருந்தாள். அதைப் படித்த பிறகு எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இனி அந்த வீட்டில் என் குரல் கேட்க வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் எழுதலாம்தான். ஆனால் நான் பத்து வரி எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்புவாய். அதனால் காகிதம்.

விஷயம் இதுதான். வில்சனை நான் இங்கே கூட்டி வரப்போகிறேன். புது வீட்டுக்கு மாறிவிட்டேன். வீட்டுக்கார அம்மாள், நாய் வளர்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். முதலில் அவன் கழுத்தில் சிப் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. ஒரு மாதம் போனதும் ரத்தம் எடுத்து வெளிநாட்டு லேபுக்கு அனுப்ப வேண்டும். அதில் தேறினாலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமாம். அக்டோபர் கடைசியில் எனக்கு லீவு. நானே வந்து கூட்டிப்போகிறேன்.

உனக்குச் சிரிப்பு வரலாம், ஒரு தெருநாய்க்கு இவ்வளவா என்று. ரிச்சர்ட், நான் ட்யூட்டி முடிந்து வந்தால் அடுத்த ட்யூட்டி வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு "வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அவன் இல்லாமல் இன்னொரு குளிர்காலத்தை என்னால் தாண்ட முடியாது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

கிரேஸிக்கு என் முத்தம். கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக.

அன்புடன் அக்கா
பிரிஸ்கில்லா


ஆம்பூர்
24 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம், வெயில்தான் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. உன் கடிதத்தை கிரேஸி சத்தமாகப் படிக்க, நான் கேட்டேன். வில்சனும் கேட்டான். படித்தது கிரேஸியின் குரல் என்பதால் சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை.

வேலையை ஆரம்பித்துவிட்டேன். உன் கடிதம் வந்த வாரமே நம் தெருவில் தடுப்பூசி முகாம் போட்டார்கள். நாய் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வாருங்கள், இலவசம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். வலிய வந்ததை விடுவானேன் என்று உடனே போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து லீவு போட்டு, வேலூரில் ஒரு நாய் டாக்டரிடம் கூட்டிப்போய் சிப்பும் வைத்தாகிவிட்டது. அரிசி மணி அளவுதான் இருக்கிறது. மெஷினைக் கழுத்தருகே கொண்டுபோனால் நம்பர் வருகிறது. பதினைந்து இலக்கம், என் ஆதாரைவிடப் பெரிது.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி பார்த்தபோதுதான் ஒரு சந்தேகம். முதலில் சிப், பிறகு ஊசி என்று எழுதியிருக்கிறாய். நான் முதலில் ஊசி, பிறகு சிப். இரண்டும் அதே நாயின் உடம்பில்தானே இருக்கிறது, எது முன்னால் போனால் என்ன? டாக்டரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அக்காவிடம் கேளுங்கள் என்றார்.

மாடித் தண்ணீர்த் தொட்டியை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கிரேஸியை மாடிப்படி ஏற வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இது வேறு டாக்டர். பயப்படும்படி ஒன்றுமில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். கம்மியாகச் சாப்பிடாதே.

தம்பி
ரிச்சர்ட்


காசல்
12 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு,

நான் நலமாகத்தான் இருந்தேன், உன் கடிதம் வரும் வரை.

சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி, இவர்கள் பார்வையில் யாருக்கும் போடாத ஊசி. நம்பர் வந்த பிறகுதான் வில்சன் என்று ஒருவன் இருக்கிறான். அதற்கு முன் இருந்தது யாரோ ஒரு நாய். எனக்கும் இது புரியவில்லை, ஆனால் இங்கே எல்லாமே இப்படித்தான். நான் வேலூரில் பதினோரு வருஷம் நர்ஸாக இருந்தேன். இங்கே வந்து இவர்கள் பரீட்சையைத் தேறும் வரை நானும் யாரோ ஒருத்திதான்.

இதைப் பார்த்ததும் வேலூருக்குப் போய் இன்னொரு முறை ஊசி போடு. சர்டிபிகேட்டில் சிப் நம்பர் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. பிறகு ஒரு மாதம் கழித்து ரத்தம். கடவுளே, இந்த முறை வரிசையை மாற்றாதே. லேபுக்குப் போன பிறகு தப்பானால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம் என்று உன் ஃபேக்டரி வேலையைக் காட்டாதே.

அது கிடக்கட்டும். மாடிப்படி ஏறக் கூடாது என்று எந்த டாக்டர் சொன்னார், எதற்குச் சொன்னார்? ஒரு நர்ஸிடம் இப்படி அரைகுறையாக எழுதினால் நான் என்ன நினைப்பேன்? நான் நினைப்பது சரிதானா?

உடனே எழுது. கிரேஸியை நன்றாகத் தூங்கச் சொல்.

அக்கா


ஆம்பூர்
2 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ நினைத்தது சரி. நான்காவது மாதம் நடக்கிறது. எட்டு வருஷம் கழித்து, அக்கா. யாரிடமும் சொல்லிவிடாதே. ஐந்து மாதம் முடிந்த பிறகுதான் சபையில்கூடச் சொல்ல வேண்டும் என்று கிரேஸி பிடிவாதமாக இருக்கிறாள். அவளுடைய அம்மாவுக்கே இன்னும் தெரியாது. பாடம் எடுக்க ஸ்கூலுக்கு மட்டும் போய் வருகிறாள். எனக்கு நடக்கும்போது கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை.

ஊசி மறுபடி போட்டாகிவிட்டது. ரத்தமும் போன வாரம் எடுத்து அனுப்பியாகிவிட்டது. ஒரே வருஷத்தில் இரண்டு ஊசி வாங்கிய நாய் இந்தத் தெருவில் இவன்தான். இப்போது வேலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பினாலே உட்கார்ந்துகொள்கிறான்.

விமானத்துக்கான கூண்டு விஷயம். நீ படம் அனுப்பியதைப் பார்த்து, இதற்கு வெளியில் கொடுப்பானேன் என்று நானே இறங்கிவிட்டேன். ஷூ அளவுக்குத் தோல் வெட்டும் பேட்டர்ன் கட்டருக்கு அளவெடுக்கத் தெரியாதா? வில்சனை அட்டையில் படுக்கவைத்துச் சுற்றிக் கோடு போட்டு, மூக்கிலிருந்து வால்வரை, காதுவரை எல்லாம் எடுத்தேன். நிசார் பாய் உனக்கு ஞாபகம் இருக்கும், எங்கள் சூப்பர்வைசர். அவர் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, நாய்க்கு ஷூவா தெக்கிற?" என்றார். சிரித்தாலும், லைனிங்குக்கு நல்ல ஆட்டுத்தோல் கழிவு அவர்தான் எடுத்துக் கொடுத்தார். பிளைவுட்டில் கூண்டு, உள்ளே மெத்தென்று தோல். ஃபிட்டிங் பார்த்தபோது ஒரு சுருக்கம் கிடையாது, அவ்வளவு கச்சிதம்.

உள்ளே போன வில்சனால் திரும்ப முடியவில்லை. பின்பக்கமாகத்தான் வெளியே வந்தான். அன்றைக்கு மத்தியானம் கூண்டுக்குள் தலையை மட்டும் விட்டு லைனிங் முழுவதையும் கடித்துத் தின்றுவிட்டு, ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தான். கிரேஸி என்னிடம் பேசவில்லை. நாயிடம் மட்டும் பேசினாள்.

நான் செய்த தப்பு என்ன என்று இன்னும் எனக்குச் சரியாகப் புரியவில்லை. ஷூ என்றால் பிடிப்பாக இருக்க வேண்டும். கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

தம்பி
ரிச்சர்ட்


காசல்
20 ஜூன் 2024

என் அன்பு ரிச்சர்ட், கிரேஸி இருவருக்கும்,

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தை ட்ராமில் நின்றுகொண்டே படித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவளுக்கு ஒரு பெரியவர் எழுந்து சீட் கொடுத்தார். இந்த ஊரில் எனக்கு முதல்முதலாக ஒருவர் எழுந்து நின்றது உங்களால்தான்.

கிரேஸி, இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டோடு போடாதே, எலுமிச்சை ஜூஸோடு போடு. கால் வீங்கினால் உடனே காட்டு. குனிந்து பாத்திரம் தேய்க்காதே, அதற்குத்தான் வீட்டில் ஒரு பேட்டர்ன் கட்டர் இருக்கிறான். இங்கே ஒரு கடையில் குட்டிக் காலுறைகள் பார்த்தேன். கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். பிறக்கும் முன்னே வாங்கக் கூடாது என்று அம்மா சொல்வார்களே.

ரிச்சர்ட், நாய் கூண்டில் காதுகூட இடிக்காமல் நிற்க வேண்டும், சுற்றித் திரும்ப வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும். உள்ளே தோல், பஞ்சு எதுவும் வேண்டாம். சென்னையில் விமானத்துக்கென்றே கூண்டு விற்கிறார்கள், அதை வாங்கு. வாங்கி வீட்டில் திறந்தே வை. அவனாகப் போய்ப் படுக்கப் பழக வேண்டும்.

அக்டோபர் 26 வருகிறேன். டிக்கெட் போட்டுவிட்டேன். உங்கள் மூன்று பேரையும் பார்க்கப்போகிறேன், வில்சனைச் சேர்த்தால் நான்கு.

மிகுந்த சந்தோஷத்தோடு,
பிரிஸ்கில்லா


ஆம்பூர்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். நீ சுகமா?

லேப் ரிசல்ட் வந்துவிட்டது. வில்சன் பாஸ். அவர்கள் கேட்ட அளவைவிட ஜாஸ்தியாகவே இருக்கிறதாம். ஆகஸ்ட் கடைசியோடு மூன்று மாதமும் முடிகிறது. கூண்டும் வாங்கிவிட்டேன். ஹாலில் வைத்திருக்கிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஜூலையில் கிரேஸியை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. நாலு நாள் இருந்தோம். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். ஸ்கூலுக்குப் போகவில்லை. இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

வில்சன் கூண்டில் படுப்பதில்லை. கிரேஸியின் கட்டில் பக்கத்திலேயே படுக்கிறான். நான் இழுத்தாலும் வருவதில்லை. வெளியே போக வேண்டும் என்றால்கூட அவள் எழுந்தால்தான் போகிறான். அதனால் அவளும் காலையில் எழுந்து கேட் வரைக்கும் நடக்கிறாள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. இங்கே நல்ல மழை. பாலாற்றில் தண்ணீர் வரும் என்கிறார்கள்.

ரிச்சர்ட்


காசல்
15 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிவிட்டது. போனில் கூப்பிட எத்தனையோ முறை கை போனது. நீ எழுதாததை நான் எப்படிக் கேட்பது என்று வைத்துவிட்டேன்.

ஒரு விஷயம். வீட்டுக்கார அம்மாள் திடீரென்று நாய் கூடாது என்கிறார். எவ்வளவோ பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. அதனால் வில்சன் வர வேண்டாம். நீ இவ்வளவு அலைந்தது வீணாகப் போனதில் எனக்கு வருத்தம்தான். அவன் அங்கேயே இருக்கட்டும். அவனுக்கும் அதுதான் நல்லது.

டிக்கெட்டை மாற்றவில்லை. நான் மட்டும் வந்து உங்களோடு இருந்துவிட்டுத் திரும்புகிறேன்.

கிரேஸியின் பக்கத்திலேயே இரு. ஓவர்டைம் பார்க்காதே. அவளுக்கு என் அன்பைச் சொல். அவளைப் பேச வைக்க முயற்சி செய்யாதே, பேசினால் கேட்டுக்கொள்.

அக்கா


ஆம்பூர்
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் எனக்குத் தலை சுற்றுகிறது.

வில்சன் போகிறானா, இல்லையா? பிப்ரவரியிலிருந்து இந்த ஒரு நாய்க்காக நான் வேலூருக்கும் சென்னைக்கும் எத்தனை முறை போயிருப்பேன். ஊசி, சிப், மறுபடி ஊசி, ரத்தம். இப்போது எல்லாம் கையில் இருக்கிறது, போக வேண்டியவன் போக வேண்டாம் என்கிறாய். அந்த அம்மாளிடம் நான் வேண்டுமானால் பேசட்டுமா? ஜெர்மன் தெரியாதுதான், நிசார் பாய் ஷூ வாங்க வரும் வெளிநாட்டு பையரோடு பேசும் இங்கிலீஷ் கொஞ்சம் வரும்.

இதில் இன்னொரு பேஜார். போன மாதம் கிரேஸி சபையில் ஜெபக் குறிப்புப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டிருக்கிறாள். 'வில்சன், ஜெர்மனி பிரயாணத்துக்காக' என்று. யாராவது வெளிநாடு போனால் சீட்டுப் போடுவது வழக்கம்தானே, போதகர் ஐயர் அதைப் பார்த்துவிட்டு ஆராதனையில், தூர தேசம் போகிற நம் சகோதரர் வில்சனுக்காக என்று உருக்கமாக ஜெபித்துவிட்டார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன், வேறு என்ன செய்வது? நாய்க்கு மனுஷப் பெயர் வைக்காதே என்று நான் அன்றைக்கே சொன்னேன், நீ கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே நம் சபை தனகோடி டீச்சர் ஒரு பாட்டில் பூண்டு ஊறுகாயோடு வந்துவிட்டார். அவர் மகன் காசலுக்குப் பக்கத்தில்தான் எங்கேயோ படிக்கிறானாம். "தம்பிகிட்ட குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். தம்பி இல்லையா?" என்றார். தம்பி அவர் காலடியில், பெஞ்சுக்குக் கீழே படுத்திருந்தான். "தூங்கினு இருக்கான் டீச்சர்" என்றேன். பொய் இல்லை. "நல்ல புள்ளையா, சாப்பாட்டுக்குக் கஷ்டப்படாம இருப்பானா?" என்று கேட்டார். எதைப் போட்டாலும் சாப்பிடுவான் என்றேன். ஊறுகாய் ஃபிரிட்ஜில் இருக்கிறது. இப்போது அவரிடம் என்ன சொல்வது? பிரயாணம் கேன்சல் என்றால் விசா ரிஜெக்ட் ஆகிவிட்டதா என்று சபை முழுக்க விசாரிக்கும்.

உன் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். வில்சன் வர வேண்டாம் என்ற இடம் வந்ததும் எனக்கு மனசு லேசானது. அதே நேரம் உன்னை நினைத்து ரொம்பக் கஷ்டமாகவும் இருந்தது. ஒரே மனுஷனுக்கு ஒரே வரியில் இரண்டும் எப்படி வரும் என்று எனக்குத் தெரியவில்லை. கிரேஸியோ கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மறுபடி படித்தாள். பிறகு எழுந்து போய் வில்சனுக்குச் சீப்பு எடுத்து வாரிவிட்டாள்.

என்ன செய்யட்டும், சொல்.

உன் தம்பி
ரிச்சர்ட்


ஆம்பூர்
1 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

கிரேஸியின் வணக்கமும் ஸ்தோத்திரமும். உங்கள் உடல்நலத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். இதுவரை உங்களுக்கு நான் தனியாக எழுதியதில்லை. நீங்கள் கிளம்பும் முன் கையில் கிடைக்க வேண்டும் என்று இதை கூரியரில் அனுப்புகிறேன். இவருக்குத் தெரியாது.

உங்கள் வீட்டுக்கார அம்மாள் நாய் வளர்க்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்ததாக முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இவர் அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை, நான்தானே படித்தேன். நீங்கள் ஏன் இப்போது மாற்றி எழுதினீர்கள் என்றும் எனக்குத் தெரியும். நீங்கள் நர்ஸ். இவர் எழுதாமல் விட்டது உங்களுக்குப் புரிந்துவிட்டது.

அதை நானே எழுதிவிடுகிறேன். ஐந்து மாதம் முடிந்த வாரம்தான் அண்ணி. பெண் குழந்தை என்று நர்ஸம்மா சொன்னார். ஒரு துணியில் சுற்றி, பார்க்கிறீர்களா என்று கேட்டார். இவர் வெளியே போய்விட்டார். நான் பார்த்தேன். நகம்கூட இருந்தது.

ஐந்து மாதம் முடியட்டும், அப்புறம் எல்லோருக்கும் சொல்லலாம் என்று நான்தான் வாயைக் கட்டி வைத்திருந்தேன். அவள் வந்ததே யாருக்கும் தெரியாது. அதனால் போனதை யாரும் வந்து விசாரிக்கவில்லை. ரத்தச் சோகை என்று நினைத்துக்கொண்டு பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இந்த வீட்டில் இவர் என் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறார். வில்சன் மட்டும் பயப்படவில்லை. வந்து படுத்துக்கொண்டான். அவன் இல்லை என்றால் நான் எழுந்து நடந்திருக்கமாட்டேன். அது உண்மை. அவன் போனால் எனக்கு வலிக்கும், அதுவும் உண்மை.

ஆனாலும் அவன் உங்களிடம் வர வேண்டும். நீங்கள் விட்டுக்கொடுப்பதற்குக் கைம்மாறாக இதைச் சொல்லவில்லை. எனக்காகத்தான் சொல்கிறேன். அவளுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை அண்ணி. ஒரு துணி எடுத்து வைக்கவில்லை, ஒரு ஜெபம் ஏறெடுக்கவில்லை, ஒருவரிடமும் சொல்லி அனுப்பவில்லை. சட்டென்று போய்விட்டாள். சபையில் அந்தச் சீட்டை எழுதியபோது வில்சன் என்றுதான் எழுதினேன். எழுதும்போது யாருக்காக ஜெபம் கேட்கிறேன் என்று எனக்கே குழப்பமாக இருந்தது. ஐயர் ஜெபித்து எல்லோரும் ஆமென் சொன்னபோது நான் அழுதேன். நாய்க்காக அழுகிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

என் கையால் ஒருவரையாவது ஒழுங்காகத் தயார் செய்து, ஜெபம் பண்ணி, கேட் வரை போய் வழியனுப்ப வேண்டும். எனக்கு அது வேண்டும். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நேற்றிலிருந்து கூண்டுப் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டு அவனை உள்ளே படுக்கப் பழக்குகிறேன்.

பத்திரமாக வாருங்கள்.

உங்கள் தம்பி மனைவி
கிரேஸி


காசல்
17 நவம்பர் 2024

அன்பு ரிச்சர்டுக்கும் என் கிரேஸிக்கும்,

வில்சனும் நானும் சுகமாக வந்து சேர்ந்தோம். போட்டோவில் பார்த்திருப்பீர்கள், மிச்சத்தை எழுதுகிறேன்.

சென்னையில் உங்களை விட்டு உள்ளே போனதும் கூண்டைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். அவன் குரைக்கவில்லை. கிரேஸியின் பழைய நைட்டி மேல் முகத்தை வைத்துக்கொண்டு கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் கண்ணில் படும்படி நின்றும், என்னைத் தாண்டித்தான் பார்த்தான். கிரேஸி, இதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை. கூண்டுக் கதவை நீ ஒரே தடவையில் மூடித் தாழ் போட்டாய். நான்தான் அதை மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தேன்.

ஃபிராங்ஃபர்ட்டில் மெஷினைக் கழுத்தருகே வைத்தார்கள். நம்பர் வந்தது, எல்லாம் சரி என்றார் ஆபீசர். ரிச்சர்ட், ஒரு தாளில்கூடக் குறை சொல்லவில்லை. நீ கெட்டிக்காரன்.

இரண்டு நாள் சாப்பிடவில்லை. கதவடியிலேயே படுத்திருந்தான். மூன்றாம் நாள் ரசஞ்சோறு பிசைந்து வைத்தேன், தட்டை நக்கி எடுத்துவிட்டான். இப்போது காலையும் மாலையும் நடக்கிறோம். ஒன்பது மாதமாக என்னிடம் தலையாட்டாத கீழ்வீட்டுக்காரர் வில்சனிடம் குனிந்து பேசுகிறார். அவன் பதில் சொல்ல மாட்டான் என்பதால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படியே என் ஜெர்மனும் ஓடுகிறது.

தனகோடி டீச்சர் மகன் ஊறுகாய் வாங்க வந்தான். "வில்சன் அண்ணன் இருக்காரா?" என்று கேட்டான். இவன் வாலாட்டிக்கொண்டு போய் நின்றான். அந்தப் பையன் என்னையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தான். அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று அவனாகவே சத்தியம் பண்ணிவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

மே மாதம் எனக்கு லீவு. இருவரும் ஊருக்கு வருகிறோம். இந்தியாவுக்குள் வரவும் அவனுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டுமாம். பிறந்த ஊருக்கு வர நாய்க்கு அனுமதி. ரிச்சர்டுக்கு எவ்வளவு குழப்பம் வரப்போகிறது என்று நினைத்தாலே சிரிப்பாக இருக்கிறது. இந்த முறை நானே ஓடுகிறேன்.

கிரேஸி, நீ எனக்குக் கொடுத்தது என்னவென்று எனக்குத் தெரியும். திருப்பித் தர என்னிடம் ஒன்றும் இல்லை. என்னால் ஆகக்கூடியது ஏதாவது இருந்தால் கேள், என்னவாக இருந்தாலும் கேள்.

உங்கள்
பிரிஸ்கில்லா


ஆம்பூர்
8 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இங்கே நாங்கள் சுகம். ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். கேரல் ரவுண்டுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். முதல் ஒரு வாரம் வீடு காலியாக இருந்தது, கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்கும்போது பார்த்துப் பார்த்து வைத்தேன். இப்போது இவர் காலையில் என்னோடு கேட் வரை நடக்கிறார்.

என்னவாக இருந்தாலும் கேள் என்று எழுதியிருந்தீர்கள். ஒன்று இருக்கிறது.

அவளுக்கு நான் ஒரு பெயர் வைத்திருந்தேன். மூன்றாம் மாதமே வைத்துவிட்டேன். ஆணாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியும் அது அவள்தான் என்று. இவரிடம் சொல்லவில்லை. இவர் கேட்கவும் இல்லை. கேட்டுவிட்டால் அப்புறம் தாங்கமாட்டோம் என்று இருவருமே பயப்படுகிறோம் போலிருக்கிறது. ராத்திரியில் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. இந்தத் தெருவில் சொன்னால் யார் அது என்று நாலு பேர் கேட்பார்கள்.

உங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். காலையில் வில்சனோடு நடக்கப் போகும்போது, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, ஒரே ஒரு தடவை சத்தமாகக் கூப்பிடுங்கள் அண்ணி.

சாரோன்.

இப்படிக்கு
கிரேஸி